வாடிய திராட்சையின் சிவப்பு ஒயின்: அமரோனே ஏன் இனிப்பதில்லை?

ஆடுதுறையான் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். மிலானில் பணிபுரியும் என் சிற்றப்பா மகன் சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது வெரோனாப் பக்கத்துச் சிவப்பு ஒயினான அமரோனே ஒரு புட்டி கொண்டுவந்தான். "உலர்ந்த திராட்சையில் செய்தது, அண்ணா" என்று அவன் சொன்னதும், பாயசத்தில் மிதக்கும் கிஸ்மிஸின் இனிப்பை மனத்தில் வைத்துக்கொண்டே முதல் வாய் குடித்தேன். நாவில் பட்டது முற்றிலும் வேறு. கனிந்து கறுத்த செர்ரியின் சுவையும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும், விழுங்கிய பிறகு அண்ணத்தில் தங்கும் ஒரு கசப்பும் இருந்தனவே ஒழிய, இனிப்பு என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. புட்டியின் மேல் மதுச்சத்து 16 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தது.

என் ஐயம் இதுதான். திராட்சையை உலர்த்தினால் சர்க்கரை செறிவாகும் என்பது யாவரும் அறிந்தது. அப்படி மாதக்கணக்கில் காத்திருந்து செறிவாக்கிய சர்க்கரை எங்கே போயிற்று? இனிப்பே வேண்டாம் என்றால் உலர்த்துவானேன்? அதே ஊரின் சாதாரண வால்போலிச்செல்லா ஒயினைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலை வைத்து விற்கிறார்களாம். அந்த விலை உழைப்புக்கா, பெயருக்கா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

அடிஜேக்கரை:

ஐயா, உங்கள் கேள்வியில் உள்ள ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். "உலர்ந்த திராட்சை" என்றதும் நமக்குக் கிஸ்மிஸ்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வெரோனாவுக்கு வடக்கே உள்ள வால்போலிச்செல்லாக் குன்றுகளில் நடப்பது உலர்த்தல் அன்று, வாட்டல். இத்தாலியர் இதற்கு அப்பாஸ்ஸிமெந்தோ என்கிறார்கள். பூ வாடுவதற்கும் அவர்களிடம் அதே வினைதான். நம் மொட்டைமாடியில் மோர்மிளகாய் வெயிலில் கிடந்து சலசலக்கும் பதத்துக்கு வருகிறதே, அது வற்றல். நிழலில், குளிர்ந்த காற்றில், உயிர் போகாமல் மெல்லத் துவண்டு சுருங்குவது வாடல். பறித்த பிறகு அமரோனேயின் பழம் வெயிலையே காண்பதில்லை.

நான் வெரோனாவில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். வந்த புதிதில் இரண்டு பருவங்கள் ஒரு தோட்டத்தில் அறுவடைக்கும், பிறகு மச்சு வேலைக்கும் சென்றிருக்கிறேன். பழங்களை வாட வைக்கும் இடத்துக்கு ஃப்ருத்தாயோ என்று பெயர். பெரும்பாலும் பழைய பண்ணை வீட்டின் மேல்தளம், இருபுறமும் எதிரெதிரே சாளரங்கள் இருக்கும். செப்டம்பர் இறுதியில், மற்ற அறுவடைக்கு முன்பாகவே, தேர்ந்த கைகள் மட்டும் தோட்டத்துக்குள் அனுப்பப்படும். பழம் பழத்தை நெருக்காத, காற்றுப் புகும் தளர்ந்த குலைகளை மட்டுமே நாங்கள் வெட்ட வேண்டும். ஒரு பழம் வெடித்திருந்தாலும் அந்தக் குலை மச்சுக்கு ஏறாது, சாதாரண ஒயினுக்குப் போய்விடும். வெட்டிய குலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகத் தட்டுகளில் பரப்புவோம். ஒரு தட்டில் ஐந்தாறு கிலோவுக்கு மேல் வைத்தால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார்.

இப்போது பெரும்பாலும் துளைகள் உள்ள பிளாஸ்டிக் தட்டுகள்தான். ஆனால் நான் வேலைசெய்த மச்சின் ஒரு மூலையில் பழைய அரேலேக்களையும் விட்டுவைத்திருந்தார்கள். நாணலைப் பிணைத்துச் செய்த பாய்கள் அவை. மரச்சட்டத்தில் அடுக்கடுக்காகப் பொருத்தியிருக்கும். முன்பெல்லாம் வசந்தத்தில் அவற்றின்மேல் பட்டுப்புழு வளர்ப்பார்கள். புழுக் காலம் முடிந்ததும் அதே பாய்களில் இலையுதிர் காலத்தில் திராட்சை படுக்கும். அக்காலக் குடியானவர் வீட்டில் எதுவும் ஒரு வேலைக்கு மட்டும் இருந்ததில்லை.

மூடுபனி விழும் காலைகளில் சாளரங்களை அடைப்பதும், வெயில் ஏறிக் காற்று வறண்டதும் திறப்பதும் தினசரி வேலை. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தட்டு தட்டாகப் பார்த்து, பூஞ்சை பிடித்த பழங்களைச் சிறு கத்தரிக்கோலால் கழித்துவிடுவோம். எங்களோடு இருந்த முதியவர் ஒருவர், கதவைத் திறந்த கணத்தில் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சுவார். காடி வாடை சிறிது எழுந்தாலும் எந்த வரிசையில் பழம் கெட்டிருக்கிறது என்று நேரே சென்று காட்டுவார். டிசம்பரில் பழத்தைத் தொட்டால் தோல் பேரீச்சையைப் போலச் சுருங்கி, உள்ளே கூழாக இருக்கும். காம்பு பழுப்பேறி ஒடியும். அப்போது தட்டைத் தூக்கினால் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருப்பது கைக்கே தெரியும்.

விலைக்கு வருகிறேன். டிசம்பர் 1-ஆம் தேதிக்கு முன் இந்தப் பழத்தைப் பிழியக் கூடாது என்பது விதி. 100 கிலோ பச்சைத் திராட்சைக்கு 40 லிட்டர் ஒயினுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது மற்றொரு விதி. சாதாரண வால்போலிச்செல்லாவுக்கு இதே 100 கிலோவில் 70 லிட்டர் வரை எடுக்கலாம். அதாவது உங்கள் ஒரு புட்டிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ திராட்சை இருக்கிறது. அதன் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகள், ரிசெர்வா என்று பெயரிட வேண்டுமானால் நான்கு ஆண்டுகள் முதிர வைக்க வேண்டும். பெயருக்கான விலையும் அதற்குள் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பாதி உழைப்புக்கும் காத்திருப்புக்குமானது.

நொதிப்பு:

உணவுத் தொழில்நுட்பம் பயின்றவன் என்ற முறையில் சர்க்கரைக் கணக்கை நான் சொல்கிறேன். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 விழுக்காடு மதுச்சத்து கிடைக்கும். பறித்த உடனே பிழிந்த சாற்றில் 200 கிராம் அளவு சர்க்கரை இருந்தால் 12 விழுக்காடு ஒயின் வரும். நீர் வற்றியதால் அது 270 அல்லது 280 கிராமுக்கு உயர்ந்தால், ஈஸ்ட் முழுவதையும் தின்று தீர்க்கும்போது 16 விழுக்காடு வந்து நிற்கும். ஆடுதுறையான் ஐயா தேடிய சர்க்கரை, புட்டியின் மேல் அச்சிட்ட அந்த எண்ணாகத்தான் மாறியிருக்கிறது.

ஈஸ்ட் அவ்வளவையும் தின்று முடிப்பது எளிதன்று என்பதுதான் இதில் சுவையான செய்தி. சர்க்கரை மிகுந்த சாறு ஈஸ்ட்டின் உடலிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. ஊறுகாய் கெடாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். அந்த இழுப்பைத் தாங்குவதற்காக ஈஸ்ட் கூடுதலாகக் கிளிசரால் சுரக்கிறது. அமரோனே நாவில் எண்ணெயைப் போல வழுக்கி, இல்லாத இனிப்பை இருப்பதாக எண்ணச் செய்வதில் கிளிசராலுக்கும் உயர்ந்த மதுச்சத்துக்கும் பங்கு உண்டு. அதோடு நொதிப்பு தொடங்குவது குளிர்காலத்தின் நடுவில். கோடை வெப்பம் தணியாத செப்டம்பரில் ஒரு வாரம் பத்து நாளில் முடிகிற வேலை, இங்கே ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கிறது. இந்த நீண்ட காலம் முழுவதும் தோலும் சாறும் சேர்ந்தே கிடப்பதால் நிறமும் துவர்ப்பும் ஆழமாக இறங்குகின்றன.

அடிஜேக்கரை அம்மா "உயிர் போகாமல்" என்று எழுதியது உவமை அன்று. அறிவியல் கூற்றாகவே எடுத்துக்கொள்ளலாம். கொடியிலிருந்து பிரிந்த பழத்தின் உயிரணுக்கள் பல வாரங்கள் சுவாசிக்கின்றன. சுவாசத்துக்கு எரிபொருளாக மாலிக் அமிலத்தை எரிப்பதால், பச்சை ஆப்பிளைக் கடித்தாற்போன்ற கூர்ப்பு மெல்லக் குறைகிறது. நீர் குறையக் குறையப் பழம் அதைத் தாக்குதலாக உணர்ந்து, கொடியில் இருந்தபோது உறங்கிக்கிடந்த சில மரபணுக்களை இயக்குகிறது. ரெஸ்வெரட்ரால் முதலிய ஸ்டில்பீன் என்னும் தற்காப்புச் சேர்மங்களை உண்டாக்கும் மரபணுக்களும் அவற்றுள் அடங்கும். கோர்வினா என்ற திராட்சை வகையில் இது எப்படி நிகழ்கிறது என்பதை வெரோனா பல்கலைக்கழகத்தார் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே வாடல் என்பது நீரைக் கழித்து மற்றதை அப்படியே வைத்திருக்கும் எளிய கழித்தல் கணக்கு அன்று. சாற்றைக் காய்ச்சி நீரை ஆவியாக்கினால் சர்க்கரை செறியும். ஆனால் வாடலில் எழும் மணங்கள் அதில் பிறக்கமாட்டா. ஈரத்தை நீக்கும் கருவிகளை மச்சில் வைக்கலாம், ஆனால் வெப்பத்தைப் பயன்படுத்தி ஈரம் நீக்கக் கூடாது என்று விதி வகுத்திருப்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

பழஞ்சுவடி:

வேதியியலுக்குப் பிறகு வரலாற்றையும் ஒரு பக்கம் வைத்துவிடலாம், ஏனெனில் "இனிப்பே வேண்டாம் என்றால் உலர்த்துவானேன்" என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. இனிப்பு வேண்டும் என்றுதான் உலர்த்தினார்கள். அந்தப் பகுதியின் பழைய ஒயின் அமரோனே அன்று, ரெச்சோத்தோ. இது இன்றும் கிடைக்கிற இனிப்புச் சிவப்பு ஒயின். வெரோனா வட்டார வழக்கில் ரெச்சா என்றால் காது. திராட்சைக் குலையின் மேற்புறத்தில் இரு பக்கமும் காதுகள் போலப் பிரிந்து நிற்கும் சிறு கிளைகளுக்கு வெயில் நன்றாகப் படும் என்பதால், அவற்றை மட்டும் கிள்ளியெடுத்து வாட வைத்தார்கள். அதிலிருந்து வந்த பெயர்.

இதைவிடப் பழைய சான்றும் உண்டு. 6-ஆம் நூற்றாண்டில், இத்தாலியை ஆஸ்ட்ரோகாத் அரசர்கள் ஆண்ட காலத்தில், அவர்களுடைய உயர் அதிகாரியான காசியோடோரஸ் அரச விருந்துக்காக வெரோனாப் பகுதியின் அசினாத்திக்கும் என்ற மதுவைத் தேடிப்பிடித்து அனுப்புமாறு ஒரு கடிதம் எழுதினார். அரசாங்கக் கொள்முதல் கடிதத்தில் இவ்வளவு நாக்கு ஊறுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. வீட்டுப் பந்தல்களிலிருந்து தேர்ந்தெடுத்த குலைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காக்கிறார்கள் என்றும், டிசம்பர்க் குளிர் வந்த பிறகே அது மதுவாக ஓடத் தொடங்குகிறது என்றும், மற்ற நிலவறைகளில் எல்லாம் மது பழையதாகிவிட்ட வேளையில் இது புதியதாகப் பிறக்கிறது என்றும் அவர் விவரிக்கிறார். அதன் அடர்த்தியைச் சொல்ல வரும்போது, சதைப்பற்றுள்ள நீர்மம் என்பதா, உண்ணத்தக்க பானம் என்பதா என்று வியக்கிறார். தொங்கவிடுவதும் டிசம்பர் வரை காத்திருப்பதும் இன்றைய வழக்கத்தோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் கவனியுங்கள்.

அமரோனே என்ற சொல்லைப் பிரித்தால் அமாரோ, அதாவது கசப்பு. அதோடு பெரியது என்பதைக் காட்டும் விகுதி. பெருங்கசப்பு என்று பெயர்த்துக்கொள்ளலாம். ரெச்சோத்தோவின் இனிப்புக்குப் பழகிய நாவுக்கு இனிப்பற்றது கசப்புதானே. சில பீப்பாய்களில் நொதிப்பு நிற்காமல் ஓடிச் சர்க்கரையை முழுவதும் தின்றுவிடும்; அப்படிப்பட்ட மதுவை உள்ளூரில் "தப்பியோடிய ரெச்சோத்தோ" என்று சொல்வார்கள், கறந்த பால் திரிந்துவிட்டது என்று நாம் சொல்வதைப் போன்ற குரலில். 1936-இல் அப்பகுதியின் நெக்ரார் என்ற ஊரில் இருந்த கூட்டுறவு ஒயின் கூடத்தின் நிலவறைப் பொறுப்பாளர் அதேலினோ லுக்கேசே, மறந்துபோன ஒரு பீப்பாயைத் திறந்து சுவைத்து, "இது அமாரோ அல்ல, அமரோனே" என்று வியந்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதையை அப்படியே நம்பத் தேவையில்லை. தப்பியோடிய பீப்பாய்கள் அதற்கு முன்பும் பலமுறை தப்பியோடியிருக்கும். ஆனால் பிழையாகக் கருதப்பட்டதற்கு ஒரு பெயரும் சந்தையும் கிடைத்தது 20-ஆம் நூற்றாண்டில்தான் என்பதில் ஐயமில்லை. 1968-இல் வால்போலிச்செல்லாவுக்குக் கிடைத்த தோற்றப்பெயர்ப் பாதுகாப்பில்கூட அமரோனே தனிப்பெயராக நிற்காமல், ரெச்சோத்தோவின் ஒரு வகையாகவே பதிவாகியிருந்தது. இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்று 2010-இல் இரண்டுக்கும் தனித்தனியே வந்தது.

ஒற்றைக்கோப்பை:

மேலே எழுதிய மூவரிடமும் கற்றுக்கொண்டேன். இருந்தாலும் ஒரு மாறுபட்ட குரலைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். ஒயின் என்பது முதலில் நிலத்தின் சுவையைச் சொல்ல வேண்டும் என்று நம்புகிறவன் நான். அமரோனேயைக் குடிக்கும்போது எனக்கு மச்சின் சுவைதான் தெரிகிறது, மண்ணின் சுவை தெரிவதில்லை. 16 விழுக்காடு மதுச்சத்தும், உலர்பழ மணமும், புதிய ஓக் பீப்பாயின் வனிலாவும் சேர்ந்துவிட்டால், திராட்சை எந்தக் குன்றில் விளைந்தது என்பதைக் கண்டுபிடிக்க எவராலும் இயலாது. இரண்டாவது கோப்பைக்கு என் கை நீள்வதே இல்லை. என் பெயரும் அதனால்தான்.

சந்தையைப் பற்றியும் பேச வேண்டும். 1990-களிலிருந்து இதன் உற்பத்தி பன்மடங்கு பெருகியிருக்கிறது. முன்பு சாதாரண ஒயினுக்கே பழம் கொடுத்துவந்த சமவெளித் தோட்டங்களின் திராட்சையும் இப்போது மச்சு ஏறுகிறது. ரிப்பாஸ்ஸோ என்ற இன்னொன்றும் உண்டு. அமரோனே பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையின்மேல் சாதாரண வால்போலிச்செல்லாவை ஊற்றி இரண்டாம் முறை நொதிக்கவிட்டுச் செய்வது. சிக்கனமான பழைய வழக்கம். அதை மாசி நிறுவனம் 1964-ஆம் ஆண்டு விளைச்சலில் செய்த "கம்போஃபியோரின்" என்ற ஒயின் மூலம் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் கடையில் "குட்டி அமரோனே" என்று சொல்லி அதை நம் தலையில் கட்டுகிறார்கள். தெற்கே புல்யாவிலிருந்து வரும் மலிவான புட்டிகளிலும் "அப்பாஸ்ஸிமெந்தோ" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அது செய்முறையின் பெயர். ஊரின் பெயரோ தரத்தின் பெயரோ அன்று. கொஞ்சம் பழத்தைக் கொடியிலேயே வாடவிட்டு, நாவில் தெரியும் அளவுக்குச் சர்க்கரையை மிச்சம் வைத்து விற்கும் அந்த ஒயினுக்கும், அடிஜேக்கரை அம்மா சொன்ன மச்சுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அடிஜேக்கரை:

ஒற்றைக்கோப்பை அவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடுதான். குறிப்பாகப் புல்யாப் புட்டிகளைப் பற்றிய எச்சரிக்கையை ஆடுதுறையான் ஐயா குறித்துக்கொள்ள வேண்டும். புதிய சிறு பீப்பாய்களின் வனிலா மணமும் கடந்த தலைமுறையில் ஏற்பட்ட மோகம். பழைய முறையில் செய்பவர்கள் பல ஆண்டுகள் பயன்பட்ட பெரிய மரத்தொட்டிகளையே நம்புகிறார்கள். அவர்களுள் ஒருவரான, 2012-இல் மறைந்த ஜுசெப்பே குவிந்தாரெல்லியின் ஒயினில் மரத்தின் மணம் முன்னே வந்து நிற்பதில்லை என்பதை, நான் ஒரே ஒரு முறை, அதுவும் பிறர் செலவில், சுவைத்து அறிந்தேன்.

ஆனால் "மண்ணின் சுவை மறைகிறது" என்பதை அமரோனேயை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். வடக்கே லொம்பார்தியாவில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி, அத்தா நதி ஓடும் வால்தெல்லினாப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே செய்யும் ஸ்ஃபோர்சாத்தோவும் வாடிய திராட்சையில் செய்த இனிப்பற்ற சிவப்பு ஒயின்தான். பழம் மட்டும் வேறு: நெபியோலோ, அங்குள்ளோர் வழக்கில் கியாவென்னாஸ்கா. மலைச்சரிவில் சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்களால் தாங்கப்பட்ட படிக்கட்டு வயல்கள். சில இடங்களில் ஒரு படியில் நாலைந்து வரிசைக் கொடிகளுக்குமேல் இடமில்லை. எந்திரம் ஏற வழியில்லாததால் கூடை சுமந்துதான் இறக்குகிறார்கள். கோமோ ஏரியிலிருந்து பிற்பகலில் ஏறிவரும் ப்ரேவா என்ற காற்று பள்ளத்தாக்கை ஈரமில்லாமல் வைத்திருக்கிறது. நெபியோலோவுக்கு இயல்பிலேயே புளிப்பும் துவர்ப்பும் மிகுதி, நிறம் மெலிவு. ஆகையால் வாட்டிய பிறகும் அது பருத்துவிடாமல், ரோஜாவும் தாரும் கலந்த தன் மணத்தை இழக்காமல் நிற்கிறது. ஸ்ஃபோர்சாத்தோ என்றால் வலிந்து செய்தது என்று பொருள்; குடித்துப் பார்த்தால் வலிந்ததாகத் தோன்றாது. 2003-இல் அதற்கும் உயர்ந்த தரச்சான்று கிடைத்தது. ஒரே செய்முறை இரண்டு பழங்களில் இரண்டு முகங்களைக் காட்டுகிறது என்றால், மச்சு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது என்று எப்படிச் சொல்வது?

கோர்வினாவுக்காகவும் ஒரு சொல். பச்சையாகப் பிழிந்தால் அது செர்ரிச் சுவையுள்ள, மெலிந்த, எளிய ஒயினைத்தான் தரும். ஆனால் அதன் தோல் தடிமனானது, நான்கு மாதம் அழுகாமல் வாடுவதற்கென்றே அமைந்தது போன்றது. அமரோனேயில் 45 முதல் 95 விழுக்காடு வரை அதுதான் இருக்க வேண்டும் என்பது விதி; அதற்குப் பதிலாகக் கோர்வினோனே என்ற திராட்சையையும் சேர்க்கலாம். ரொண்டினெல்லா என்ற வகையும் சிறிது இருக்க வேண்டும். மொலினாரா என்ற வகையை இப்போது கட்டாயமாக்குவதில்லை. அந்தக் குன்றுகளின் மண் தேர்ந்தெடுத்த பழம் அது. வாடல் அதன் குறையை மறைக்கவில்லை. அதனிடம் இருந்த திறமையைக் கண்டுபிடித்தது என்றே நான் நினைக்கிறேன்.

கம்பம்_பந்தல்:

ஐயா, அம்மா, நான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைவிப்பவன். வெரோனாவிலும் பந்தல் உண்டு என்று மேலே படித்ததும் கேட்கத் தோன்றியது. எங்கள் பழம் பறித்த நான்காம் நாளே காம்பை விட்டு உதிர்கிறது. விலை இல்லாத வாரங்களில் வண்டிக் கூலிக்கும் கட்டுவதில்லை. அந்த வாரத்துப் பழத்தை இப்படி வாட வைத்து ஏதேனும் செய்ய இயலுமா?

நொதிப்பு:

உங்கள் நிலைமை புரிகிறது. ஆனாலும் ஆசை காட்ட மாட்டேன். பந்தல் இரண்டு இடத்திலும் உண்டு, உண்மைதான். இலைகளுக்குக் கீழே குலைகள் தனித்தனியாகக் காற்றில் தொங்குவது பழைய வெரோனாப் பந்தலின் சிறப்பு. அதனால்தான் சரியான இடைவெளியுள்ள குலைகள் கிடைக்கின்றன. வேறுபாடு பறித்த பிறகுதான் தொடங்குகிறது. அங்கே பழம் மச்சு ஏறிய நாளிலிருந்து நாளுக்கு நாள் குளிர் கூடிக்கொண்டே போகிறது. பூஞ்சையும் காடிப் பாக்டீரியாவும் சோர்ந்து கிடக்கும் அந்தக் குளிரில்தான் 100 நாள், 120 நாள் வாடல் இயலும். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பழம் வாடுவதற்கு முன் அழுகிவிடும். குளிரூட்டிய, ஈரம் நீக்கிய அறையில் மாதக்கணக்கில் வைத்தால் இயலலாம். அதற்கு ஆகும் மின்கட்டணம், நீங்கள் இழக்கும் வண்டிக் கூலியைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். மேலும் காம்பை விட்டு உதிரும் பழம் இதற்கு உதவாது. உதிர்ந்த இடம் திறந்த புண். தமிழ்நாட்டில் ஒயின் செய்ய உரிமம் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். உபரிப் பழத்துக்குச் சாறு, பாகு ஆகிய வழிகள் ஏற்றவை. அதற்குத் தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாக எழுதுகிறேன்.

மருதநிலத்தான்:

இடையில் ஒரு கேள்வி. புறநானூற்றின் 56-ஆம் பாடல் யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பருகுவதைச் சொல்கிறது. அது இவ்வகை ஒயினாக இருக்க வாய்ப்பு உண்டா?

பழஞ்சுவடி:

ஆசைப்படலாம், நிறுவ இயலாது. அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடிகளில் ஏஜியன் கடலின் கோஸ் தீவு வகையும், இத்தாலியின் கம்பானியா வகையும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. கோஸ் தீவின் ஒயின் கடல்நீர் கலந்து செய்வதற்குப் பெயர்பெற்றது. வாடிய திராட்சைக்கு அன்று. உலர் திராட்சை மதுவைப் பண்டையோர் நன்கு அறிந்திருந்தார்கள் என்பது வேறு செய்தி. பத்து நாள் வெயிலிலும், ஐந்து நாள் நிழலிலும் திராட்சையை வைத்து ஆறாம் நாள் சாடியில் வடிக்குமாறு கிரேக்கக் கவி ஹெசியோட் பாடியிருக்கிறார். ரோமானியர் அதைப் பாஸ்ஸும் என்றார்கள். கிரீட் தீவின் பாஸ்ஸும் சிறந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். ஆனால் பாண்டியன் கிண்ணத்தில் இருந்தது எது என்று உடைந்த ஓடு சொல்லாது. இன்னொன்று: அவர்கள் பெரும்பாலும் வெயிலில் உலர்த்தினார்கள். நிழலில், குளிரில் வாட்டுவது ஆல்ப்ஸ் மலையடிவாரத்தின் தட்பவெப்பம் கற்பித்த வழி.

ஆடுதுறையான்:

எல்லாருக்கும் நன்றி. சர்க்கரை மதுச்சத்தாக மாறிற்று என்ற எளிய உண்மை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருக்கிறது. இழையைப் படித்துவிட்டு, மூடிவைத்திருந்த மீதி அரைப் புட்டியை நான்காம் நாள் திறந்தேன். முதல் நாள் சிறிய கோப்பையில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, தவறு, எடுத்த குளிரோடு ஊற்றியிருந்தேன். இம்முறை அகன்ற கோப்பையில் ஊற்றி அரைமணி நேரம் வைத்தேன். கசப்பு ஒடுங்கி, அத்திப்பழத்தின் மணமும் சிறிது புகையிலையும் எழுந்தன. கிளிசரால் என்று நொதிப்பு அவர்கள் சொன்ன வழுவழுப்பையும் இப்போது தேடிப் பிடித்தேன். மனைவி ஒரு வாய் சுவைத்துவிட்டு, "இருமல் மருந்தை நல்ல குடும்பத்தில் கட்டிக்கொடுத்தது போல இருக்கிறது" என்றாள்.

ஒன்று மட்டும் கேட்டு முடிக்கிறேன். இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்துச் சாக்ராந்தினோ ஒயினும் இப்படித்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா? அடுத்த முறை தம்பியிடம் எதைக் கொண்டுவரச் சொல்லட்டும்?

அடிஜேக்கரை:

உங்கள் வீட்டம்மா சொன்னதைப் பற்றி நான் ஏதும் கூறுவதற்கில்லை.

சாக்ராந்தினோவில் உங்கள் நண்பர் பாதி சரி. மொந்தெஃபால்கோ ஊரில் 1970-கள் வரை அந்தத் திராட்சையைப் பெரும்பாலும் வாட வைத்து இனிப்பு ஒயினாகத்தான் செய்தார்கள், ஈஸ்டர் ஆட்டிறைச்சியோடு குடிப்பதற்காக. அத்தனை துவர்ப்புள்ள பழத்தை இனிப்பில்லாமல் குடிக்க யாருக்கும் துணிவில்லை. பிறகு இனிப்பற்ற வகை வந்து புகழ்பெற்றது. ஆனால் அந்த வகைக்குப் பழத்தை வாட்டுவதில்லை. அமரோனேயோ இனிப்பை விட்டது, வாட்டலை விடவில்லை. 1992-இல் உயர்ந்த தரச்சான்று இரண்டு வகைக்கும் கிடைத்தது. பாஸ்ஸித்தோ என்ற சொல் புட்டியில் இருந்தால்தான் வாடிய பழம். மார்க்கே மாநிலத்துச் செர்ராபெத்ரோனாவில் வாடிய கறுப்புத் திராட்சை சேர்த்து நுரைக்கும் சிவப்பு ஒயினே செய்கிறார்கள். அது கைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

தம்பியிடம் ரெச்சோத்தோ கேளுங்கள். நீங்கள் அமரோனே குடித்த அதே உற்பத்தியாளருடையதாக இருக்கட்டும். பெரும்பாலும் அரை லிட்டர் புட்டியில் வரும், பெட்டியில் எடை குறையும். அதே குன்று, அதே பழம், அதே மச்சு. நொதிப்பு மட்டும் பாதியில் நின்றது. முதல் நாள் நீங்கள் எதிர்பார்த்த இனிப்பு அதில் இருக்கும். இதையும் குளிர்பெட்டியிலிருந்து நேராக ஊற்றாதீர்கள்; எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வையுங்கள். இனிப்பு சேர்க்காத கறுப்புச் சாக்லேட் ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும்.